தொப்பி சிறிசு இல்லை, மண்டை வேற வடிவம்: ஃபெல்ட் தொப்பியைப் பொருத்தும் வழி

புதுத் தொப்பி நெற்றியைக் கவ்வினால் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "ஒரு சைஸ் பெருசா எடுத்திருக்கணும்" என்பதுதான். பெரும்பாலும் இது தப்பான யோசனை. அளவு சரியாகத்தான் இருக்கும், வடிவம்தான் ஒத்துப்போகாது. இரண்டும் வேறு வேறு கோளாறு, வேறு வேறு வைத்தியம்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு மண்டை நீளம் 20 செ.மீ., அகலம் 17 செ.மீ. இன்னொருவருக்கு நீளம் 21, அகலம் 16. டேப்பைச் சுற்றி அளந்தால் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய 58 என்றே காட்டும். கடைக்காரர் இருவருக்கும் அமெரிக்க அளவில் 7¼ தொப்பியை எடுத்து நீட்டுவார். முதல் ஆளுக்கு அது கச்சிதமாக உட்காரும். இரண்டாம் ஆளுக்கு நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தும், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும். அவர் 59-க்கும் 60-க்கும் போனால் நெற்றி வலி தீரும். ஆனால் பக்கவாட்டில் விரல் விரலாக இடைவெளி விழும், முதல் காற்றுக்கே தொப்பி தெருவில் உருளும்.

நான் இங்கே சொல்வது டெக்சஸ் பக்கம் எல்லாரும் போடும், விலங்கு முடியை அழுத்திச் செய்த ஃபெல்ட் கவ்பாய் தொப்பியை வைத்து. ஸ்டெட்சன், ரெசிஸ்டால் இரண்டும் டல்லாஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்லண்டில்தான் தயாராகின்றன. ஆஸ்திரேலியாவின் அகூப்ரா, இத்தாலியின் போர்சலினோ வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஓலைத் தொப்பிக்கும் துணித் தொப்பிக்கும் இது ஆகாது.

கை வைப்பதற்கு முன்னால்

தொப்பியைத் திருப்பி உள்ளே பாருங்கள். சுற்றிலும் ஒரு தோல் பட்டை இருக்கும், நெற்றி வியர்வையை வாங்குவது அதுதான். அதில் ஓர் இடத்தில் குட்டியாக ஒரு முடிச்சு தைத்திருப்பார்கள். அந்த முடிச்சு பின்மண்டைக்கு வர வேண்டும். "பொருந்தவே இல்லை" என்று கொண்டு வரப்படும் தொப்பிகளில் சில வெறுமனே முன்பின் மாற்றிப் போடப்பட்டவை. சிரிக்க வேண்டாம், கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் உங்களுக்கும் சந்தேகம் வரும்.

அடுத்து, தொப்பியை வழக்கமாகப் போடும் இடத்தில் போட்டு அரை மணி நேரம் வீட்டு வேலை பாருங்கள். கழற்றியதும் உடனே கண்ணாடிக்குப் போய் நெற்றியில் விழுந்த தடத்தைப் பாருங்கள். நெற்றி நடுவில் மட்டும் அடர்ந்த சிவப்பு, பொட்டுப் பக்கம் (கண்ணுக்கும் காதுக்கும் நடுவில்) வரவர மங்கி மறைகிறது என்றால் ஒரு கதை. பொட்டு இரண்டிலும் சிவப்பு, நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் வேறு கதை. ஒரு பக்கம் மட்டும் சிவப்பு என்றால் மூன்றாவது கதை. தடம் சுற்றிலும் ஒரே மாதிரி இருந்து தலையும் கனத்தால் மட்டும்தான் தொப்பி உண்மையிலேயே சிறிசு. வடிவத்தை மாற்ற நீராவி காட்டுவது எல்லாம் இந்தத் தடத்தைப் படித்த பிறகுதான்.

மண்டையின் வடிவத்தைத் தாளில் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. எழுதுபொருள் கடையில், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் ரப்பர் அளவுகோல் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பற்றவைக்கும் ஈயக் கம்பியே போதும். காதுக்கு ஒரு செ.மீ. மேலே, புருவத்துக்கும் முடிக்கும் நடுவில், பின்னால் எலும்பு துருத்தும் இடத்தின் மேல் வருகிற மாதிரி சுற்றி அழுத்துங்கள். இதற்கு இன்னொருவர் கை வேண்டும். மெதுவாகக் கழற்றித் தாளில் வைத்து வரைந்து, எது முன் எது பின் என்று அப்போதே எழுதி வையுங்கள்.

நல்ல தொப்பிக்காரர்கள் இதைச் செய்யத் தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். கன்ஃபர்மேட்டர் என்று பெயர், 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பிறந்தது. பார்க்க ஓட்டை உடைசலான உயரத் தொப்பி போல இருக்கும். தலையில் வைத்தால் சுற்றிலும் உள்ள பட்டைகள் மண்டையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நகரும், மேலே மூடியில் வைத்த அட்டையில் ஊசிகள் குத்தி மண்டை வடிவத்தைச் சிறிதாகப் பதிந்துவிடும். அந்த அட்டையைப் பார்த்தால் யாருக்குமே நீள்வட்ட மண்டை இல்லை என்பது தெரியும். அவித்த உருளைக்கிழங்கு மாதிரி எல்லாருக்கும் எங்காவது ஒரு பக்கம் புடைத்தோ சப்பியோதான் இருக்கிறது.

நீராவி பற்றிக் கொஞ்சம்

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. முயல், பீவர் முடியையோ ஆட்டு ரோமத்தையோ ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் கொடுத்து ஒன்றோடு ஒன்று சிக்கவைத்த தகடு. மறுபடி ஈரச் சூடு பட்டால் சிக்கல் தளரும், ஆறினால் ஆறிய வடிவத்திலேயே நிற்கும். முழு வேலையும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் உள்ளே இருக்கும் தோலுக்கு இதே நீராவி எமன். சூட்டில் தோல் சுருங்கும், சுருங்கிய தோல் திரும்ப விரியாது. அதனால் எப்போதும் பட்டையைத் தொப்பிக்கு வெளியே கழுத்துப்பட்டை மாதிரி மடித்துத் தள்ளிவிட்டு, ஃபெல்ட்டுக்கு மட்டும் நீராவி காட்டுங்கள்.

கெட்டில் போதும், துணிக்கு நீராவி காட்டும் கருவி இருந்தால் இன்னும் வசதி. இட்லிப் பானையைத் திறந்து வைத்துச் செய்பவர்களும் உண்டு. அது முடியும், ஆனால் ஆவி பரந்து வந்து தேவையில்லாத இடமெல்லாம் தளர்ந்துபோகும். குக்கர் பக்கம் போகவே வேண்டாம். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே காட்டுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். கை வைத்துப் பார்த்தால் சூடாகவும் தளர்ந்தும் இருக்க வேண்டும், நனைந்திருக்கக் கூடாது. விரலில் ஈரம் ஒட்டினால் அதிகமாகிவிட்டது, ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தாத்தா காலத்துத் தொப்பி கைக்கு வந்திருந்தால் ஓர் எச்சரிக்கை. பழைய நாளில் முயல் முடியைப் பதப்படுத்தப் பாதரச உப்பு சேர்த்தார்கள். அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் அது நின்றது. அதற்கு முந்தைய தொப்பியைச் சமையலறையில் நீராவியில் வாட்ட வேண்டாம்.

நெற்றியிலும் பின்னாலும் அழுத்துகிறது, பக்கவாட்டில் இடைவெளி

நீள மண்டை. அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான், நல்லவேளையாகச் சரிசெய்ய எளிதானதும் இதுதான்.

பட்டையை வெளியே மடித்து, தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, விளிம்பும் மேல்பாகமும் சேரும் மடிப்பைச் சுற்றி முழுவதும் நீராவி காட்டுங்கள். முன்னும் பின்னும் மட்டும் காட்டினால் போதும் என்று தோன்றும். போதாது. முன்பக்கம் நீள வேண்டுமானால் பக்கச் சுவர்கள் உள்ளே வர வேண்டும், அவையும் தளர்ந்தால்தான் வரும். தளர்ந்ததும் இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் நிதானமாக உள்நோக்கி அழுத்துங்கள், முன்னும் பின்னும் தானாக நீளும். பட்டையை உள்ளே தள்ளி, சூடு பொறுக்கும் அளவுக்கு வந்ததும் தலையில் போட்டுக்கொண்டு முழுக்க ஆறும்வரை கழற்றாமல் இருங்கள். அச்சுக்கட்டை வேறு எங்கும் தேட வேண்டாம், உங்கள் மண்டையை விடச் சரியான அச்சு இல்லை.

ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடாது. முதல் முறை கொஞ்சம், மறுநாள் தடத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டு இழுத்தால் பட்டையின் தையல் பிரியும்.

நடுவில் திருகு வைத்த இரட்டை மரக்கட்டை கடையில் கிடைக்கும், திருகினால் முன்னும் பின்னும் விலகும். நீள மண்டைக்காரர்களுக்கு இது தங்கம். இரவில் உள்ளே வைத்து, கையில் இறுக்கம் தெரியும்வரை மட்டும் திருகிவிட்டால் காலையில் பலன் தெரியும். அடுத்த புகார் உள்ளவர்கள் இதை வாங்கவே கூடாது. சாதாரணக் கட்டை நீளத்தைத்தான் கூட்டும், அகலத்தை அல்ல.

வடிவம் சரியான பிறகும் பொட்டுப் பக்கம் லேசான இடைவெளி மிஞ்சினால், பட்டைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நாலு விரல் நீளத்துக்கு மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டை செருகுங்கள். ஒட்டும் வகையாக இருந்தால் ஃபெல்ட் பக்கம் ஒட்டாமல் தோலின் பின்பக்கம் ஒட்டுங்கள், பிய்க்கும்போது முடி வராது.

இன்னும் வாங்கவில்லை என்றால் கடையில் நீள மண்டைக்கான தொப்பியைக் கேட்டே வாங்கலாம். அமெரிக்கத் தொப்பிகள் சிலவற்றை லாங் ஓவல் என்று தனியாகவே செய்கிறார்கள். கடை அலமாரியில் வெளியே இருப்பது பெரும்பாலும் சாதாரண வடிவம், உள்ளே தேடச் சொல்லுங்கள்.

பொட்டு வலிக்கிறது, முன்னும் பின்னும் ஆடுகிறது

உருண்டை மண்டை. தொப்பி உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கும், தலையை ஆட்டினால் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும்.

நீராவி மேலே சொன்னதுதான், கை வேலை தலைகீழ். இரண்டு கையையும் முட்டியாக மடக்கி உள்ளே விட்டுப் பக்கச் சுவரை வெளியே தள்ளுங்கள். பொட்டு படும் இடத்தில் கூடுதலாக. பிறகு தலையில் போட்டு ஆறவிடுங்கள்.

இதோடு விளிம்பையும் கவனிக்க வேண்டும். பலர் தெரிந்துகொள்ளாத விஷயம்: விளிம்பும் வாயும் (தலை நுழையும் திறப்பு) ஒரே தகடு. விளிம்பின் பக்கங்களை மேலே சுருட்டினால் வாய் பக்கவாட்டில் ஒடுங்கி நீளும். பக்கங்களைத் தாழ்த்தித் தட்டையாக்கினால் வாய் அகலும். கவ்பாய் தொப்பியைக் கடையில் ஸ்டைலாக இருபக்கமும் சுருட்டிக் கொடுப்பார்கள் இல்லையா, உருண்டை மண்டைக்காரருக்கு அந்த ஸ்டைல்தான் பொட்டு வலி. வாங்கும்போது சரியாக இருந்தது, கடைக்காரர் விளிம்பு வளைத்துத் தந்த பிறகு இறுக்குகிறது என்றால் வேறு காரணம் தேடாதீர்கள். பக்கங்களுக்கு நீராவி காட்டிக் கொஞ்சம் இறக்குங்கள், பாதி வலி அங்கேயே போய்விடும்.

போட்டால் விளிம்பு கோணுகிறது

மேஜையில் வைத்தால் அழகாக இருக்கிறது, தலையில் ஏறியதும் விளிம்பு வேறு உருவம் எடுக்கிறது. முன்னும் பின்னும் தொங்கிப் பக்கங்கள் எழும்பினால், உங்கள் நீள மண்டை வாயை நீட்டித் தள்ளுகிறது. பக்கங்கள் தொங்கி முன்பக்கம் எழும்பினால் உருண்டை மண்டை. விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்வதில் பயனில்லை. முதலில் வாயின் வடிவத்தை மேலே சொன்னபடி மாற்றுங்கள். அப்புறம் தலையில் போட்டுப் பார்த்து, கழற்றி, கோணும் இடத்துக்கு மட்டும் அடிப்பக்கம் நீராவி காட்டிக் கையால் எதிர்ப்பக்கம் வளைத்து ஆறவிடுங்கள். தலையில் இருக்கும்போதுதான் விளிம்பு சமமாகத் தெரிய வேண்டும், மேஜையில் கொஞ்சம் கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது

நேராகப் போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள், கால் மணி நேரத்தில் முன் மடிப்பு மூக்குக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் போயிருக்கிறது. திருப்பி வைத்தால் மறுபடி அதே பக்கம். மண்டை இரண்டு பக்கமும் சமமாக இல்லை, தொப்பி தனக்குச் சௌகரியமான இடத்தைத் தேடிப் போகிறது.

நம் ஊரில் பாட்டிமார்கள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது தலையை உள்ளங்கையால் உருட்டி உருட்டி விடுவதன் நோக்கமே மண்டையைச் சமமாக்குவதுதான். பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும், தொப்பி போட்டால் தெரிந்துவிடும். குழந்தையில் ஒரே பக்கமாகப் படுத்தவர்களுக்குப் பின்மண்டையின் ஒரு மூலை சப்பையாக இருப்பது சகஜம்.

தாளில் வரைந்த வடிவம் இங்கேதான் வேலைக்கு வரும். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கோடும் எங்கே பிரிகிறதோ அதுதான் சப்பையான மூலை. பட்டைக்குப் பின்னால் அந்த மூலையில் மட்டும் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று செருகுங்கள். சுற்றி முழுக்கச் செருகினால் பிரச்சினை அப்படியே இருக்கும், தொப்பி சிறிசாகத்தான் ஆகும். துண்டின் இரண்டு முனையையும் கத்தரியால் சாய்வாகச் சீவிவிட்டால் நெற்றியிலோ பிடரியிலோ விளிம்பு உறுத்தாது.

மாறாக ஓர் இடத்தில் எலும்பு துருத்தி அங்கே மட்டும் வலித்தால், அந்த இடத்துக்கு மட்டும் நீராவி காட்டி, உள்ளிருந்து ஒரு கரண்டியின் குழிந்த பக்கத்தை உங்கள் பக்கம் வைத்து, புடைத்த பக்கத்தால் வெளியே தள்ளுங்கள். வெளியே ரிப்பன் இருக்கும் தொப்பி என்றால் புடைப்பு தெரியவே தெரியாது.

பின்மண்டை முழுவதுமே சப்பையாக இருப்பவர்களுக்குத் தொப்பி திரும்பாது, பின்னால் வழுக்கும். ஸ்பாஞ்சைப் பின்பக்கம் நடுவில், முடிச்சுக்கு இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள்.

சுற்றளவு சரி, ஆனால் மேலே ஏறி நிற்கிறது

பட்டை எங்கேயும் அழுத்தவில்லை, இருந்தும் தொப்பி இறங்க மாட்டேன் என்கிறது. கையை மேலே வைத்து லேசாக அழுத்துங்கள். உச்சந்தலையில் ஏதோ இடித்தால், மேல்பாகத்தில் உள்ள பள்ளம்தான் குற்றவாளி. உயரமான மண்டைக்கு ஆழமான பள்ளம் ஒத்து வராது. உச்சிக்கு நீராவி காட்டி, உள்ளிருந்து கையால் பள்ளத்தை மேலே தள்ளி, பாதி ஆழத்துக்கு மறுபடி மடியுங்கள். அவ்வளவுதான்.

போன வருஷம் சரியாக இருந்தது, இப்போது இறுக்குகிறது

உங்கள் தலை பெருக்கவில்லை. தொப்பி காருக்குள் கண்ணாடிக்கடியில் கிடந்ததா என்று யோசியுங்கள். டெக்சஸ் கோடையானாலும் மதுரைக் கோடையானாலும், மூடிய காரில் வியர்வை ஊறிய தோல் காய்ந்து சுருங்கிவிடும். தோல் சுருங்கும்போது ஃபெல்ட்டையும் சேர்த்து இழுக்கும், பட்டை அலையலையாகத் தெரிந்தால் இதுதான்.

தோல் இன்னும் மிருதுவாக இருந்தால் காப்பாற்றலாம். பட்டையின் உட்புறத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, நனைந்து ஊறாமல், அப்படியே தலையில் போட்டு உலரவிடுங்கள். விசிறிக்கடியில் உட்காரலாம், முடி உலர்த்தும் கருவி கூடாது. தோல் விறைத்து, மடித்தால் வெடிப்பு விடுகிறது என்றால் பட்டையையே மாற்ற வேண்டும். அது தையல் வேலை, தொப்பிக்காரரிடம் கொடுங்கள். நல்ல ஃபெல்ட் பட்டையை விடப் பல மடங்கு காலம் தாங்கும், அதனால் செலவு வீண் இல்லை.

தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு தொப்பி போடுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். தோலுக்குப் பெரிய கேடு இல்லை. ஆனால் எண்ணெய் தோலைத் தாண்டி ஃபெல்ட்டில் ஏறினால் வெளியே ரிப்பனுக்கு மேலே கறுப்பாகத் தெரியும், அந்தக் கறை சுலபத்தில் போகாது.

எவ்வளவு செய்தாலும் இரண்டு நாளில் பழைய வடிவத்துக்கே போகிறது

விலை குறைந்த கம்பளி ஃபெல்ட்டாக இருக்கும். முயல் முடி, பீவர் முடி ஃபெல்ட் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கம்பளி வடிவத்தைப் பிடிக்காது. நீராவி அதிகம் பட்டால் கஞ்சி போன்ற விறைப்பு மருந்தும் தளர்ந்து தொப்பி தொளதொளவென்று ஆகும். கம்பளித் தொப்பிக்கு என் ஆலோசனை: நீராவியைக் குறைத்து ஸ்பாஞ்சை நம்புங்கள். கொஞ்சம் பெரிய அளவாக வாங்கி இடைவெளியை அடைப்பது அதற்கு மட்டும்தான் சரியான வழி.

நல்ல முடி ஃபெல்ட்டிலும் சுற்றளவு ஒரு செ.மீ.க்கு மேல் கூட வேண்டியிருந்தால் வீட்டில் முயல வேண்டாம். அது ரிப்பனையும் பட்டையையும் பிரித்து, அச்சுக்கட்டையில் ஏற்றி, மறுபடி தைக்க வேண்டிய வேலை. டெக்சஸில் பல கடைகளில் தங்களிடம் வாங்கிய தொப்பிக்குக் காசு வாங்காமலே நீராவி காட்டி வளைத்துத் தருவார்கள், அச்சேற்றும் வேலைக்குத் தனிக் கூலி. போகும்போது மண்டை வரைந்த தாளைச் சுருட்டாமல் தட்டையாகக் கொண்டு போங்கள். முடி வெட்டிக்கொள்ளும் உத்தேசம் இருந்தால் வெட்டிக்கொண்டே போங்கள், அடர்ந்த முடியோடு எடுத்த அளவு மொட்டைக்குச் சரிவராது.